வெள்ளைப் பாலையும் பச்சைக் குறிஞ்சியும்

பாலை நிலத்தின் வழியே குதிரை ஏறிச் சென்ற அனுபவத்தைச் சொல்லப்போகிறேன் என்றால், நேயர்கள் அரேபியாவையோ இராசபுதனத்தையோ நினைத்துக்கொள்வீர்கள். மணல் மேடுகளும் ஒட்டகங்களும் ஈச்ச மரங்களும் உங்கள் கண்முன் வந்து நிற்கும். நான் சென்ற இடத்தில் இவற்றுள் ஒன்றும் இல்லை. அது அவ்வளவு தொலைவிலும் இல்லை. சேலம் நகரத்துக்கு வடக்கே, ஏற்காட்டுக்கு ஏறும் சேர்வராயன் மலையின் காலடியிலேயே அந்த நிலம் கிடக்கிறது. ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் பேருந்திலும் காரிலும் அதன் ஓரமாகச் செல்கிறார்கள். மலையின் குளிர்ச்சியை எண்ணிக்கொண்டு செல்கிறவர்களுக்கு அடிவாரத்து வெள்ளை நிலம் கண்ணில் படுவதில்லை. பட்டாலும் மனத்தில் படுவதில்லை. நானும் பல ஆண்டுகள் அப்படிச் சென்றவன்தான். ஒரு மாசி மாதத்தில் குதிரையின்மேல் அமர்ந்து மெல்லச் சென்றபோதுதான் அதைக் கண்டேன்.

நம் முன்னோர் நிலத்தை ஐந்தாக வகுத்தார்கள். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி, காடு முல்லை, வயல் மருதம், கடற்கரை நெய்தல். ஐந்தாவதாகிய பாலைக்கு மட்டும் தனியாக ஓர் இடம் கிடையாது. குறிஞ்சியும் முல்லையும் மழையின்றி வறண்டு, தம் இயல்பு திரிந்து நிற்கும் நிலையே பாலை என்ற கருத்தைச் சிலப்பதிகாரத்தில் காண்கிறோம். இது ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய கருத்து. பாலை என்பது வேறு எங்கோ இருக்கும் நிலமன்று. நம் காடும் நம் மலையும் எந்த நேரத்திலும் அடையக்கூடிய ஒரு நிலை. பள்ளியில் இதைப் படித்தபோது இலக்கண விதியாக மட்டும் மனப்பாடம் செய்தேன். அதன் பொருள் இந்தப் பயணத்தில்தான் விளங்கியது.

நான் ஏறிச் சென்ற குதிரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கருப்பூர்ப் பக்கத்தில் என் நண்பர் ஒருவர் இரண்டு குதிரைகளை வைத்து வளர்க்கிறார். ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசுவாமி கோயிலின் ஆடித் திருவிழாவை ஒட்டி நடைபெறும் கால்நடைச் சந்தை புகழ் வாய்ந்தது. மாட்டுக்கும் குதிரைக்கும் என்று அங்கே கூட்டம் கூடும். அந்தச் சந்தையில் வாங்கியது அந்தச் செந்நிறக் குதிரை. மார்வாரி இனம். இந்த இனத்தைக் காதைக் கொண்டே அடையாளம் சொல்லிவிடலாம். இரண்டு காதுகளும் உட்புறமாக வளைந்து, நுனிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ள முயல்வது போல நிற்கும். தார்ப் பாலைவனத்தை அடுத்த மார்வார் நாட்டில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம் அது. மெல்லிய தோல், நீண்ட கால், வெப்பத்தைத் தாங்கும் உடல். பாலையில் பிறந்த இனத்துக் குதிரையின்மேல் தமிழ்நாட்டுப் பாலையைப் பார்க்கப்போகிறோம் என்று நண்பர் வேடிக்கையாகச் சொன்னார்.

எனக்குத் துணையாக ஒரு பெரியவர் மற்றொரு குதிரையில் வந்தார். இளமையில் சேலத்தில் ஜட்கா வண்டி ஓட்டியவர். ஜட்காக்கள் மறைந்துபோன பிறகும் குதிரையை விடவில்லை. அவருக்கு வயது எழுபதை எட்டியிருந்தது. சேணத்தில் அமர்ந்துவிட்டால் அந்த வயது தெரியாது.

விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். வேலிக்கு உட்பட்ட சுரங்க நிலங்களுக்குள் செல்லாமல், அவற்றின் புறத்தே செல்லும் வண்டிப்பாதையிலேயே சென்றோம். இருள் விலகியபோது நான் கண்ட காட்சியை எளிதில் மறக்க இயலாது. தரை வெண்மையாக இருந்தது. மேடுகள் வெண்மையாக இருந்தன. மேடுகளின் வெட்டு முகங்களில், பழுப்பு நிறப் பாறையின் ஊடே வெள்ளை நரம்புகள் வலை பின்னியது போல நாலாபுறமும் ஓடின. ஆங்காங்கே முட்புதர்களும், முழங்கால் உயரத்துக்குமேல் வளரமாட்டோம் என்று பிடிவாதம் செய்வது போன்ற சில செடிகளும் தவிரப் பசுமை என்பது இல்லை. ஆனால் தலையை நிமிர்த்தினால், வடகிழக்கே சேர்வராயன் மலை கருநீலமாக எழுந்து நின்றது. அதன் தோளில் மேகம் சாய்ந்திருந்தது. காலடியில் பாலை, கண்ணெதிரே குறிஞ்சி. இடையில் சில கிலோமீட்டர்தான் தொலைவு.

ஒன்பது மணிக்குள் வெயில் ஏறிவிட்டது. வெள்ளைத் தரையில் வெயில் இரண்டு முறை அடிக்கும். மேலிருந்து ஒரு முறை, கீழிருந்து ஒரு முறை. கண் கூசியது. விரைவில் அடிவாரத்து மரநிழலை அடைந்துவிட வேண்டும் என்ற எண்ணத்தில், நான் குதிரையைத் துள்ளுநடையில் செலுத்தினேன். சிறிது தூரம் சென்றதும் அது தயங்கியது, பிறகு நின்றேவிட்டது. குதிகாலால் விலாவைத் தட்டினேன். அசையவில்லை. கடிவாளத்தை இழுத்தேன். தலையை ஆட்டியதே தவிர அடி எடுத்து வைக்கவில்லை. எனக்குச் சினம் வந்தது. இன்னும் ஒரு முறை பலமாகத் தட்டினேன்.

பின்னால் வந்த பெரியவர் உரக்கக் கூப்பிட்டார்: "தம்பி, இறங்குங்க. அது சண்டித்தனம் பண்ணலை. காலைப் பாருங்க."

இறங்கிப் பார்த்தேன். குதிரை முன்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றாமல் நுனியை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றது. பெரியவர் அதன் தோளோடு தோள் சேர்ந்து நின்று, காலை மடக்கித் தம் தொடையின்மேல் வைத்துக்கொண்டார். இடுப்பில் இருந்த வளைந்த இரும்புக் கம்பியை எடுத்தார். லாடத்துக்கும் குளம்பின் நடுவில் உள்ள மென்மையான பகுதிக்கும் இடையே ஒரு வெள்ளைக் கல் கூர்மையாகச் சிக்கியிருந்தது. அதை நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால்கூட நான் அவ்வளவு நாணியிருக்கமாட்டேன். வலியைச் சொல்ல வாயில்லாத ஓர் உயிரை, அது சொல்லும் ஒரே வழியான நின்றுவிடுதலையும் குற்றமாகக் கொண்டு உதைத்தேனே என்று வருந்தினேன்.

அந்தக் கல்லை இன்றும் வைத்திருக்கிறேன். பால் வெள்ளை; வழவழப்பு; உடைந்த இடம் பீங்கான் உடைந்தது போல வளைந்து கூர்மையாக இருக்கிறது. வெள்ளையர்கள் இந்தக் கரடுகளைப் பார்த்துச் 'சாக் ஹில்ஸ்', அதாவது சுண்ணக் குன்றுகள், என்று பெயரிட்டார்கள். பெயர் பொருத்தமில்லாதது. சுண்ணத்துக்கும் இதற்கும் உறவில்லை. இதைச் சோதிப்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. வெயிலுக்காகக் கொண்டுபோயிருந்த எலுமிச்சம்பழத்தை அறுத்து அந்தக் கல்லின்மேல் பிழிந்தேன். சுண்ணாம்புக் கல்லைப் பொடித்து அதில் புளித்த சாற்றை விட்டால் சிறு குமிழிகள் எழும். இந்தக் கல் அசைந்து கொடுக்கவில்லை. இதன் பெயர் மேக்னசைட். தமிழில் வெள்ளைக்கல் என்கிறார்கள். வெள்ளைக்கல்பட்டி என்று ஓர் ஊரே இருக்கிறது. சேலத்தை அடுத்த இரயில் நிலையம் ஒன்றுக்கு மேக்னசைட் சந்திப்பு என்றே பெயர். ஒரு கல்லின் பெயரால் வழங்கும் இரயில் நிலையம் நாட்டில் வேறு எத்தனை இருக்கும்?

இந்தக் கல் இங்கே எப்படி வந்தது? பூமியின் ஆழத்தில் மக்னீசியம் மிகுந்த, கனமான, பசுமை கலந்த ஒரு வகைப் பாறை உண்டு. டூனைட் என்பது அதில் ஒன்று. நெடுங்காலத்துக்கு முன் அத்தகைய பாறை இந்த இடத்தில் மேலே எழுந்து வந்தது. பின்னர், கரியமிலவாயு கலந்த நீர் அதன் வெடிப்புகளில் புகுந்து ஊடாடியது. பாறையிலிருந்த மக்னீசியமும் நீரிலிருந்த கரியமிலவாயுவும் கூடி, வெடிப்புகளில் வெள்ளைக் கல்லாக உறைந்தன. வெட்டு முகங்களில் நான் கண்ட வலை அந்தப் பழைய வெடிப்புகளின் வலையே. வில்லியம் கிங், இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியல் அறிஞர் இருவரும் 1864-இல் வெளியிட்ட அறிக்கையில் சேலம் பகுதியின் பாறைகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

சரி, இங்கே மரம் வளராதது ஏன்? மழை இல்லை என்று சொல்ல முடியாது. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்யும் நிலத்தையே பாலைவனம் என்று அறிஞர்கள் வழக்கமாக வகுக்கிறார்கள். சேலத்துக்கு அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் மழை உண்டு. குறை வானத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது. இந்தப் பாறை சிதைந்து உண்டாகும் மண்ணில் மக்னீசியம் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. செடிக்கு வேண்டிய சுண்ணச் சத்தும் பிற உரச் சத்துகளும் குறைவு. நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களும் கலந்திருக்கின்றன. வியப்பு என்னவென்றால், ஒவ்வொரு பச்சை இலையின் பசுமைக்கும் மக்னீசியமே நடுநாயகமாக விளங்குகிறது. அது இல்லாவிட்டால் இலையில் பச்சையம் இல்லை. எந்தப் பொருள் உலகத்தைப் பசுமையாக்குகிறதோ, அதே பொருள் மிகுந்துவிட்ட இடத்தில் பசுமை அழிகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு என்று நம் பாட்டிமார் சொன்னது இந்த மண்ணுக்கும் பொருந்தும்.

ஆனால் இந்தப் பாலை முழுவதையும் இயற்கையின் கணக்கில் எழுதிவிட்டால் அது நேர்மையாகாது. வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியைக் கண்டோம். இளமையில் கல் பொறுக்கும் வேலை செய்தவராம். எதிரே இருந்த ஆழமான ஒரு பள்ளத்தைக் காட்டினார். "இது குழின்னு நினைக்காதே சாமி. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ இது கரடு. மேலே ஏறி விளையாடினோம்" என்றார். அன்று நிமிர்ந்து பார்த்த இடத்தை அவர் இன்று குனிந்து பார்க்கிறார்.

அந்தக் கரடு எங்கே போயிற்று? உருக்கு உலைகளுக்குப் போயிற்று. வெள்ளைக்கல்லைச் சூளையில் இட்டுச் சுட்டால், அதன் எடையில் பாதிக்கு மேல் கரியமிலவாயுவாகப் பிரிந்து போய்விடும். எஞ்சி நிற்பது மக்னீசியம் ஆக்சைடு. அது உருகுவதற்கு ஏறத்தாழ 2,800 பாகை வெப்பம் வேண்டும். உருக்குக் காய்ச்சும் உலையின் உட்சுவருக்கு அத்தகைய பொருளால் ஆன செங்கல் இன்றியமையாதது. பாலமும் தண்டவாளமும் கலப்பையின் கொழுவும் பிறக்கும் உலைகளை இந்த வெள்ளைக் கல்லே தாங்கி நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பல நிறுவனங்கள் இங்கே கல் எடுத்தன. தமிழக அரசின் மேக்னசைட் நிறுவனம் 1979-இல் தோன்றியது. பல குடும்பங்கள் இந்தக் கல்லால் உண்டு வாழ்ந்தன. ஆகவே சுரங்கம் தீது என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட நான் துணியமாட்டேன். ஆனால் எடுத்தவர்கள் எடுத்த இடத்துக்கு என்ன திருப்பிக் கொடுத்தார்கள் என்ற கேள்வி அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்றபோது எழாமல் இல்லை.

அடிவாரத்தை அடைந்தோம். புளியும் வேம்பும் மூங்கிலும் நிழல் விரித்தன. அங்கே பெரியவர் செய்ததைச் சொல்ல வேண்டும். எங்களுக்கென்று கொண்டுவந்த தண்ணீரை முதலில் குதிரைகளுக்கு வைத்தார். மனிதனைப் போலவே உடல் முழுவதும் வியர்க்கும் விலங்கு குதிரை. வியர்வையோடு உப்பும் போய்விடும். ஆகவே தண்ணீரில் சிறிது உப்பைக் கரைத்து, இடைவிட்டு இடைவிட்டுக் கொடுத்தார். சேணத்தின் வாரைத் தளர்த்தி, முதுகைத் துடைத்தார். அடிபட்ட குளம்பைத் தடவிப் பார்த்து, "பயமில்லை, நடக்கும்" என்றார். அதன் பிறகே அவர் வாயில் நீர் பட்டது.

அந்த நிழலில் அமர்ந்திருந்தபோது பழைய காலத்தை எண்ணிக்கொண்டேன். கார் ஏறும் சாலை அமைவதற்கு முன் மலைக்குச் செல்வோர், இந்த வெயிலைத் தாண்டி வந்து, மட்டக் குதிரையின்மேலோ, ஆட்கள் சுமக்கும் நாற்காலியிலோ, சொந்தக் காலிலோதான் ஏறியிருக்கிறார்கள். 1820-ஆம் ஆண்டுகளில் சேலத்தின் கலெக்டராக இருந்த காக்பர்ன், இந்த மலையில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். ஏற்காடு ஒரு மலைவாழ் நகராக வளர்ந்ததற்கு அது ஒரு தொடக்கம். நான் முன்னே சொன்ன புரூஸ் ஃபூட் 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தவர். இந்திய மண்ணில் மனிதன் எவ்வளவு தொன்மையானவன் என்று உலகம் அறிய வழிகாட்டியவர். ஊரூராகச் சென்று பாறைகளை ஆராய்ந்த அவர், ஓய்வு பெற்ற பின் வாழ்வதற்கு ஏற்காட்டைத் தேர்ந்துகொண்டார். 1912-இல் மறைந்த அவருக்கு ஏற்காட்டுத் திருத்துவ ஆலயத்தில் நினைவுக் கல் இருக்கிறது. அந்நாளைய புவியியல் துறையினர் கால்நடையாகவும் குதிரையிலும் சென்றே நிலத்தைப் படித்தார்கள். ஒரு கல்லைக் கண்டால் இறங்கினார்கள், தட்டிப் பார்த்தார்கள், குறித்துக்கொண்டார்கள். மெல்லச் சென்றதனால் கண்டார்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

மாலையில் மலையேறத் தொடங்கினோம். ஏற்றத்தில் குதிரையின் பின்னங்கால்களே உடலை உந்துகின்றன. ஆகவே ஏறுபவர் முன்னே சாய்ந்து, பிடரி மயிரைப் பற்றிக்கொண்டு, முதுகின் பின்பகுதியில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடிவாளத்தைத் தளர்த்திக் கழுத்தை அதன் விருப்பத்துக்கு விட்டுவிட வேண்டும். இதையெல்லாம் பெரியவர் சொல்லிக்கொண்டே வந்தார். ஆனால் இரண்டாவது வளைவுக்குமேல் அவர் குதிரைகளை விடவில்லை. தார்ச் சாலையில் லாடம் வழுக்கும். திருப்பங்களில் வண்டிகள் வரும். காலையில் நொந்த குளம்புக்கு இது போதும் என்று சொல்லிவிட்டார். முன்பு போல நான் மறுத்துப் பேசவில்லை. குதிரையின் கழுத்தைத் தட்டிக் கொடுத்து விடைபெற்று, அவ்வழியே வந்த பேருந்தில் ஏறிக்கொண்டேன்.

சேலம் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு பாகைக்கு மேல் வெப்பம் குறையும் என்பது கணக்கு. இருபது வளைவுகளைக் கடந்து இறங்கியபோது காற்றில் குளிர் இருந்தது. பாறையும் மாறிவிட்டது. மலையின் உடம்பு சார்னோக்கைட் என்ற கரிய, உறுதியான பாறை. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகையைச் சேர்ந்தது என்பதால் புவியியலாளர் ஹாலந்து இதற்கு அந்தப் பெயரை வைத்தார். அந்தப் பாறையின்மேல் சிவந்த மண். மண்ணின்மேல் சில்வர் ஓக் நிழல். நிழலின்கீழ் காப்பிச் செடி. செடிகளின் இடையே மிளகுக் கொடி. ஏரியையும் காட்டையும் சேர்த்து ஏரிக்காடு என்று பெயர் வைத்தவர்கள் கண்ட குறிஞ்சி இதுதான்.

மறுநாள் காலையில், சேலத்தை நோக்கிய மலை விளிம்பில், லேடீஸ் சீட் என்று வழங்கும் இடத்துக்குச் சென்றேன். கீழே சமவெளி விரிந்து கிடந்தது. வீடுகளுக்கு அப்பால் வெள்ளைத் திட்டுகள், பச்சைச் சேலையில் சுண்ணாம்பு சிந்தியது போலத் தெரிந்தன. நேற்று அரைநாள் வெந்து கடந்த பாலை, இங்கிருந்து ஒரு கைக்குட்டைக்குள் அடங்கிவிடும் போலிருந்தது. உயரத்திலிருந்து பார்க்கிறவருக்கு எந்தத் துன்பமும் சிறிதாகவே தோன்றும்.

அப்போதுதான் ஓர் அச்சம் என் மனத்தில் பிறந்தது. கீழே உள்ள பாலைக்குக் காரணம் மண் பாதி, மனிதன் பாதி என்றேன். மேலே உள்ள குறிஞ்சி மட்டும் என்றைக்கும் இப்படியே இருக்கும் என்று யார் உறுதி சொல்ல முடியும்? சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சிப் பகுதியை அடுத்த சமதளங்களில் பாக்சைட் படிந்திருக்கிறது. யுகயுகமாக மழை பாறையைக் கழுவி, கரைவனவற்றைக் கொண்டுபோக, எஞ்சிய அலுமினியப் படிவம் அது. மேட்டூரில் 1965 முதல் இயங்கிய அலுமினிய ஆலைக்காக இந்த மலையில் அதை வெட்டியெடுத்தார்கள். மேல்மண் ஒருமுறை போய்விட்டால், மரத்தை நட்டு உடனே பழைய காட்டை வருவிக்க முடியாது. இந்த மலைத்தொடரிலிருந்துதான் திருமணிமுத்தாறு புறப்பட்டுச் சேலத்துக்கு வருகிறது. வடபுறத்தில் வாணியாறு ஓடுகிறது. மலையின் மண் மழையைப் பிடித்து வைத்திருக்கும் வரையில்தான் இவற்றுக்கு ஊற்று உண்டு. தோட்டங்களின் நிழல் மரம் குறைந்தால், சரிவுகளில் கட்டடங்கள் பெருகினால், குறிஞ்சி தன் இயல்பு திரியும். அந்த வெள்ளைத் தரை மேலே ஏறி வர வேண்டியதில்லை. பாலை இருக்கும் இடத்திலேயே பிறந்துவிடும். முன்னோர் அதற்குத் தனி இடம் வகுக்காததன் பொருள் இதுதான் என்று தோன்றியது.

ஏற்காட்டுக்குச் செல்லும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். குதிரை கிடைக்காமல் போகலாம், கவலையில்லை. அடிவாரத்துக்கு முன் வண்டியை ஒரு நாழிகை நிறுத்திக் கீழே இறங்குங்கள். அந்த வெள்ளைக் கல்லில் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் பிறகு மலை ஏறி, காப்பிச் செடியின் இலை ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். இரண்டிலும் இருப்பது ஒரே மக்னீசியம். அளவே வேறு.

ஊர் திரும்பும் வழியில் பெரியவரைப் பார்க்கப் போனேன். குதிரை தொட்டியில் கொள்ளு தின்றுகொண்டிருந்தது. நான் அருகில் சென்றதும் வளைந்த அந்தக் காதுகள் என் பக்கம் திரும்பின. முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தேன். புண் இல்லை. "நல்லாயிருக்கு தம்பி" என்றார் பெரியவர். என் சட்டைப் பையில் இருந்த கல்லை எடுத்துக் காட்டினேன். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, குதிரைக்குத் தண்ணீர் எடுத்துவர எழுந்து போனார்.